கண்ணாடியில் யாரும் இல்லை

டாக்டரம்மா,

இன்று காலை சர்க்கரை அளவு பார்க்க, வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே ஒரு பெண் கண்ணாடித் தகட்டின்மேல் சாயத்தை ஊற்றினாள். ஸ்பிரிட்டும் சாயமும் கலந்த அந்த நெடி திரைச்சீலையைத் தாண்டி வந்தது. நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். "என்ன பாட்டி, மயக்கமா வருதா?" என்று அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். இல்லை என்று தலையாட்டினேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உங்கள் விரல் நுனிகள் ஞாபகம் வந்தன. எந்த நாளும் ஊதா நிறமாகவே இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தயிர்சாதத்தைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவீர்கள். "இந்தக் கையால சாப்பிட்டா வயித்துக்குள்ள போயும் சாயம் ஏறிக்கும் அக்கா" என்பீர்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் நர்ஸான நான் உங்களுக்கு சிஸ்டர். நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அக்கா. உங்களைவிட நான் கொஞ்சம் மூத்தவள், அந்த உரிமையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நீங்கள் பாலசமுத்திரத்திலிருந்து வந்தீர்கள். அடிவாரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. சேலைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், காலில் ஆண்கள் போடும் காலுறை. மைக்ராஸ்கோப் வைத்திருந்த சின்ன அறையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். பெரிய டாக்டர் ஒருமுறை கடிந்துகொண்டார். சத்தத்தைக் குறைத்தீர்களே ஒழிய நிறுத்தவில்லை. "சத்தம் இல்லாத எடத்துல எனக்கு மூச்சு முட்டுது அக்கா" என்றீர்கள். அப்போது அதை நான் ஒரு விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு பள்ளி விடுதியில். அப்புறம் பஜாரில். அப்புறம் வடகவுஞ்சிப் பக்கம், சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் வரிசை வீடுகளில். நமக்குப் பயம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்துச் சளிக்காய்ச்சல்தானே. வந்தவர்கள் நடுங்கினார்கள், இருமினார்கள், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதார்கள், கஞ்சி குடித்தார்கள், எழுந்து வீட்டுக்குப் போனார்கள். வார்டு முழுக்க இருமல் சத்தமும் தைல வாசனையுமாக இருந்தது. இப்போது நினைத்தால் அது எவ்வளவு நல்ல சத்தம்!

தாவீதை உங்களுக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூட வண்டி ஓட்டிய டிரைவர். பெரிய மீசை, பெரிய குரல். மூன்றாம் கட்டிலில் கிடந்தார். அன்று காலை நீங்கள் எல்லாருக்கும்போல அவருக்கும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நான் போய் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

"சிஸ்டர், எனக்கு நல்லாயிருச்சு. வெரசா சீட்டக் கிழிச்சு அனுப்புங்க. வண்டிச் சோலி போட்டது போட்டபடி கெடக்கு" என்றார்.

"கஞ்சியக் குடிங்க, டாக்டரம்மா வரட்டும்."

"அப்ப இன்னொரு டம்ளர் சேத்துக் கொண்டாங்க. பசிக்கிது."

ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவத் தொடங்கினார். நான் சமையலறைக்குப் போய்த் திரும்பினேன். அதற்குள் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. தாவீது உட்கார்ந்தபடியே இருந்தார். சீப்பு கையில். உதடு மட்டும் நாவல்பழம் தின்றவர்போல இருந்தது. "என்ன சிஸ்டர், இவ்வளவு வெள்ளனே இருட்டிருச்சு?" என்று கேட்டார். அப்போது பகல் பதினொரு மணிகூட ஆகியிருக்காது. என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மதியத்து மணி அடிப்பதற்குள் போய்விட்டார். ஒரு இருமல் இல்லை, முனகல் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே தெரியாது.

உடலை அனுப்பிவிட்டு உங்கள் அறைக்கு வந்தபோது ரேடியோ நின்றிருந்தது. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. நீங்கள் தாவீதின் காலை ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இங்க வாங்க அக்கா. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு வட்டங்கள் பரந்து கிடந்தன. "செவப்பணு" என்றேன்.

"வேற?"

வேறொன்றும் இல்லை. நீங்கள் தகட்டை நகர்த்தினீர்கள். மறுபடியும் அதே வட்டங்கள். மறுபடியும் நகர்த்தினீர்கள். ஆள் நடமாட்டமில்லாத ஊருக்குள் வீதி வீதியாக நடப்பதுபோல இருந்தது. கடைசியில் ஓரத்தில் ஊதாவாக ஏதோ ஒன்று தென்பட்டது. வெள்ளணுதான். ஆனால் சுருங்கி, உள்ளே கரு உடைந்து, கடுகு கடுகாகச் சின்ன உருண்டைகளாகக் கிடந்தது.

"கிருமி உள்ள வந்தா ஓடி வந்து சண்டை போட வேண்டியவங்க இவங்க. காய்ச்சல், மேல்வலி, சளி, இதுல பாதிக்கு மேல அந்தச் சண்டையோட சத்தம்தான் அக்கா" என்றீர்கள்.

"தாவீதுக்கு இன்னிக்குச் சத்தமே இல்லையே."

"அதான். சண்டை போட ஆளில்ல. காய்ச்சல் இறங்கினது குணமாகி இல்ல." மறுபடியும் குனிந்து பார்த்தபடி சொன்னீர்கள்: "அடிபட்டுச் சாகுற செல்லு வீங்கி வெடிக்கும். சுத்திலும் ஒரே அலங்கோலமாக் கெடக்கும். இதப் பாருங்க. தன்னைத் தானே சுருக்கி, துண்டு துண்டா மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கு. யாரோ காதுல வந்து 'போதும், போயிரு'ன்னு சொன்ன மாதிரி."

"யாரு சொன்னது?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இல்லை, சுவர் இல்லை, வெறும் வெள்ளை. நாம் இருவரும் அந்தத் தகட்டுக்குள்ளேயே இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. ரேடியோவைப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கை நீட்டி நானே போட்டேன். மழையினால் வெறும் இரைச்சல்தான் வந்தது. அதையும் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு ஆள வச்சு எதையும் முடிவு கட்டக் கூடாது" என்றீர்கள். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் ஒருவர் விடாமல் குத்திப் பார்த்தீர்கள். கத்திக்கொண்டும் உளறிக்கொண்டும் கிடந்தவர்களில் பலருடைய ரத்தத்தில் அந்த ஊதா அணுக்கள் தெரிந்தன. அவர்கள் எழுந்து போனார்கள். அடங்கிப்போய்ப் படுத்திருந்த சிலருடையது வெறிச்சோடிக் கிடந்தது. அவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் பிழைத்துக்கொண்டார், ஏன் என்று உங்களுக்கே தெரியவில்லை. "இவங்க செத்ததால ஆள் சாகுறாரா, ஆள் சாகப்போறதால இவங்க முன்கூட்டியே சாகுறாங்களான்னு புரியல அக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

வார்டில் இருந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். டாக்டரம்மா கண்ணாடியில் யாரைக் கூர்ந்து பார்க்கிறாரோ, அவர் போய்விடுகிறார். பஜாருக்குப் பேச்சு பரவியது. அங்கே அது இன்னும் வளர்ந்தது: "அந்தம்மா ஆளப் பிடிச்சுக் கண்ணாடிக்குள்ள வச்சுக்கிது."

ஒருநாள் காலையில் நீங்கள் ஊசித் தட்டோடு வார்டுக்குள் நுழைந்தீர்கள், நான் பின்னால் வந்தேன். இருமிக்கொண்டிருந்த வார்டு சட்டென்று அடங்கியது. இரண்டு வரிசையிலும் கழுத்துவரை போர்வை. தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கைகூட வெளியே இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் கவனித்தேன், அவர்கள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கண்களில் நீர் கோர்த்து, தொண்டை துடிக்க, சத்தம் வெளியே வராமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர்தான் கடைசியில் பேசினார். "அம்மா, மாத்திர குடுங்க, எத்தன வேணும்னாலும் முழுங்குறேன். வெரல மட்டும் கேக்காதீங்க. புள்ள குட்டிக்காரன்."

நீங்கள் தட்டோடு திரும்பி வந்து அறையில் உட்கார்ந்தீர்கள். "நான் எந்தச் சத்தத்தத் தேடி வாரேனோ அதையே என்கிட்ட மறைக்கிறாங்க அக்கா" என்றீர்கள். அன்றுதான் நீங்கள் அழுது நான் பார்த்தேன்.

அந்த வாரம்தான் பெருமாளும் லெட்சுமியும் வந்தார்கள். வரிசை வீட்டுக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும். லெட்சுமியை அவளுடைய அண்ணன் கருப்பையா தூக்கிக்கொண்டு வந்தான். அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள், மூச்சு இரைத்தது, சிலோன் தோட்டத்துக் கங்காணியை யாரையோ கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெருமாள் பின்னால் நடந்தே வந்தார். முன்பு காய்ச்சல் இருந்ததாம், விட்டுவிட்டதாம். நீங்கள் ஊசியை எடுத்தபோது வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. சிலோன்ல அட்ட குடிச்ச ரத்தம்தானே, இங்க ஒரு சொட்டுக்கா பஞ்சம்?"

அரைமணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டீர்கள். மைக்ராஸ்கோப்பைக் காட்டினீர்கள், அவ்வளவுதான். லெட்சுமியின் தகட்டில் ஊதாக் கூட்டம் நெருக்கியடித்தது. பெருமாளின் தகட்டில் அந்த வெறும் வீதிகள்.

மலைப்பாதையில் மண் சரிந்து அடிவாரத்திலிருந்து வண்டி வராத நேரம். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம். அதை உருட்டிக்கொண்டு போய் நீங்கள் பெருமாள் கட்டிலுக்கு அருகே நிறுத்தினீர்கள். கருப்பையா பாய்ந்து வந்தான்.

"என்னம்மா பண்றீங்க? மூச்சு வாங்குறவ அங்க கெடக்கா. பேசிக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுக்கா இத வைக்கிறீங்க?"

"தம்பி, உங்க தங்கச்சிக்கு ஊசி மருந்து கேக்கும். அவங்க போடுற சத்தம் நல்ல சத்தம். எனக்கு இவரோட அமைதிதான் பயமா இருக்கு."

"பைத்தியமா உங்களுக்கு? எங்கள மாதிரி ஆளுகன்னா எப்படியும் பண்ணலாமா?"

அவன் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. பெருமாளும் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அவளுக்கே வச்சுருங்க" என்றார். நீங்கள் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல முடியாமல் நின்றீர்கள். அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், அந்தக் கட்டில இங்க தள்ளுங்க" என்றீர்கள்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் திரை கட்டியிருந்த வார்டு அது. திரையை விலக்கி, லெட்சுமியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கட்டிலோடு ஒட்டிப் போட்டோம். பெரிய சிஸ்டர் வாசலில் நின்று முகம் சுளித்தார். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் லெட்சுமிக்கு உளறல் குறைந்து கண் தெளிந்தது. பக்கத்தில் புருஷனைப் பார்த்தாள்.

"இது எங்கங்க?"

"ஆஸ்பத்திரி. நீ கங்காணிய வஞ்சது மலை பூராம் கேட்டுச்சு."

அவள் சிரித்தாள், இருமினாள். மதியம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் வந்து இறங்கியது, விட்டு வந்த மாடு. நீங்கள் அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பார்ப்பவர்களுக்கு, நன்றாக இருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து டாக்டர் எதற்கோ காத்திருப்பதுபோலத் தெரிந்தது. அது நிஜமும்தான். உங்களுக்கு எதிரே நின்றிருந்த எனக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

லெட்சுமி களைத்துத் தூங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெருமாள் கேட்டார்: "அம்மா, அந்தக் கதவ யாரு சாத்துனது? காத்தே இல்லியே. மூச்செடுக்க ஏலல."

கதவு விரியத் திறந்திருந்தது. பனி அதன் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது.

சிலிண்டரின் திருகை முழுக்கத் திறந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த அத்தனையும் செய்தீர்கள். அவர் அன்று பொழுது சாய்வதற்குள் அடங்கினார். கடைசிவரை லெட்சுமியின் விரல்கள் அவர் கைக்குள்ளேயே இருந்தன. அவள் தூக்கத்திலேயே இருந்தாள். கருப்பையா உங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். கோபம் போய் அவன் முகத்தில் பயம் வந்திருந்தது. அந்தப் பார்வை உங்களை எவ்வளவு வருத்தியது என்று எனக்குத் தெரியும்.

லெட்சுமி பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பினோம். அதோடு வார்டும் காலியானது. நோய் தீர்ந்து இல்லை. காய்ச்சல்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். மருந்து கொடுத்தால் பிழைக்கக்கூடியவர்களும் அங்கேயே கிடந்தார்கள். காலிக் கட்டில்களுக்கு நடுவே நீங்கள் நடந்து போகும் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும்.

பெருமாள் காரியம் முடிந்த சில நாளில் லெட்சுமி தனியாக வந்தாள். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். உங்கள் அறை வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, அவரு இந்தக் கண்ணாடியிலதான் இருக்காருன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு தரம் பாத்துக்கிட்டுப் போறேன்."

நான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பப் போனேன். நீங்கள் என்னைத் தடுத்துவிட்டு அலமாரியைத் திறந்தீர்கள். பெருமாளின் தகட்டை வைத்திருந்தீர்கள்! அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெளிச்சம் சரி செய்து, லெட்சுமியை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அவள் குனிந்தாள். நீங்கள் தகட்டை மெல்ல மெல்ல நகர்த்தினீர்கள். மழை பெய்கிற சத்தம். வெகுநேரம் அவள் நிமிரவே இல்லை.

"என்னம்மா, இவ்வளவு வெறிச்சுன்னு கெடக்கு? யாருமே இல்லியே."

"ஆமா. யாரும் இல்ல. அன்னிக்குக் காலையிலயே அவருக்குள்ள இப்படித்தான் இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து உங்களைப் பார்த்தாள். "அப்ப, காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"உறுதியாத் தெரியாது. பயந்தேன்."

"அதுக்குத்தான் கட்டில ஒண்ணாப் போட்டீங்களா?"

நீங்கள் தலையசைத்தீர்கள். அவள் திரும்பவும் குனிந்து அந்த வெறுமையைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அவரு தனியாவாம்மா போனாரு? எனக்கு ஒண்ணும் தெரியாமத் தூங்கிட்டேனே."

"உங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு. நான் பக்கத்துலயே இருந்தேன். கண்ணால பாத்தேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். மைக்ராஸ்கோப்புமேல் நெற்றியை வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எழுந்த பெரிய சத்தத்தோடு அழுதாள். நீங்கள் அவளை அடக்கவில்லை. அவள் முதுகில் உங்கள் ஊதா விரல்களை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

போய், வரிசை வீட்டில் வாசல் வாசலாக நின்று அவள் சொன்னாளாம்: "நானே கண்ணு வச்சுப் பாத்துட்டேன். கண்ணாடியில யாரும் இல்ல. அந்தம்மா யாரையும் பிடிக்கல. போறவங்களுக்குத் தொணைக்கு இருக்குது." மறுநாள் கருப்பையாவே இரண்டு பேரை முதுகிலும் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தான். தன் விரலையும் நீட்டினான். அந்த மார்கழிக்குள் வார்டு மறுபடியும் இருமிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் மலையிறங்கிப் பழனிப் பக்கம் வேலைக்குப் போனீர்கள். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும். ஒரு வருஷம் அட்டைக்குப் பதில் உங்கள் தம்பி வந்தார். மாரடைப்பு, வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, என்றார். அறை நிறையச் சனம் இருந்ததாம், குழந்தைகள் அழுதுகொண்டிருந்தனவாம். அதைக் கேட்டு எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. ஏன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் உலகமே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்ததே, அப்போது உங்களை அதிகம் தேடினேன். மூச்சுக் குறைவது தெரியாமலே சிரித்துப் பேசிக்கொண்டிருந்து சட்டென்று விழுகிறார்கள் என்று டிவியில் ஒரு டாக்டர் சொன்னார். ரத்தத்தில் அந்த அணுக்கள் குறைந்தால் நோய் கடுமையாகும் என்றார். அவருக்கு இப்போது பெயர்கள் தெரிந்திருந்தன. காதில் வந்து சொல்வது யார் என்பதற்குக்கூட ஏதோ பெயர் சொன்னார். எனக்கு அது மனதில் நிற்கவில்லை.

என்னிடம் நின்றது ஒன்றுதான். அந்த நாட்களில் கதவுக்கு வெளியே நின்றுகூட யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேல வீட்டில் காய்ச்சல் விட்டு, "நல்லாயிட்டேன் சிஸ்டர்" என்று ஜன்னல் வழியாகக் கையசைத்த ஒரு மனிதரைப் பார்த்ததும் எனக்குத் தாவீதின் ஞாபகம் வந்தது. அவருடைய பெண்டாட்டியைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லச் சொன்னேன். வண்டி வரும்வரை மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு உள்ளே போய், அவர் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"எதுக்கு சிஸ்டர், தள்ளியிருக்கத்தானே சொல்றாங்க?" என்றாள்.

"சும்மா உக்காருத்தா. ஏதாவது பேசிக்கிட்டிரு" என்றேன்.